பெட்டகத்தின் அடியில் கிடக்கும் பழந்துணி

இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்த வீட்டை விட்டுப் புறப்படும் குடும்பத்தினர் பெரிய சாமான்களைப் பற்றி அதிகம் தடுமாறுவதில்லை. கட்டிலும் அலுமாரியும் லொறியில் ஏறிவிடும். பித்தளைக் குடத்துக்கும் சாய்மனைக் கதிரைக்கும் முன்னரே உரிமை கேட்டு வைத்தவர்கள் இருப்பார்கள். காணி உறுதிகள் வீட்டுக்கு மூத்தவரின் கைப்பெட்டியில் பத்திரமாகச் சேர்ந்துவிடும். தடுமாற்றம் தொடங்குவது பெட்டகத்தின் அடியைக் கிளறும்போதுதான். அங்கே கிடப்பவை பழந்துணிகள். முழங்காலில் கிழிந்த சாரம், கரை மட்டும் மங்காதிருக்கும் நூற்சேலை, தோள் இற்றுப்போன பள்ளிக்கூடச் சட்டை, எந்தக் குழந்தை படுத்ததென்று எவருக்கும் தெரியாத ஒரு சிறு விரிப்பு. பிறருக்குக் கொடுக்கவும் தகாது. எறியவும் மனம் வராது. கடைசியில், லொறிக்காரர் அவசரப்படுத்தும் வேளையில், அவை வளவின் மூலையில் தீக்கிரையாவதே பெரும்பாலும் நடப்பது.

அவ்வாறு எரித்துவிடாமல், அத்துணிகளை வெட்டி இணைத்துப் போர்வை ஒன்று தைத்துக்கொண்டு புறப்படுங்கள் என்பதே இவ்வாரம் நம் சகோதரிகளுக்கு நாம் கூற விரும்புவது.

மதுரங்குளியை அடுத்த கனமூலையில் எமது குடும்பத்தின் பழைய வீடு சில ஆண்டுகளுக்கு முன் கைமாறிற்று. காணி பங்காகிப் பங்காகி, எவரும் தனியே வைத்துப் பராமரிக்க இயலாத நிலை வந்துவிட்டது. விலை பேசி, முற்பணம் வாங்கி, வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதத் தவணையும் பெற்றாயிற்று. எல்லாரும் சம்மதித்த காரியம். உம்மம்மாவும் சம்மதித்தவர்தாம். ஆயினும், சாமான் கட்டத் தொடங்கிய நாள்முதல் அவர் ஒரு வேலையிலும் கைவைக்கவில்லை. முன் விறாந்தையில் அமர்ந்து தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதைக் கேட்டாலும், "உங்கட விருப்பம் மகள்" என்பதே மறுமொழி. உணவும் குறைந்துவிட்டது. வயோதிபர்களை இடம் பெயர்க்கும் வீடுகளில் இந்த மௌனம் தெரிந்ததே. மரியாதையான மௌனம், ஆனால் பார்த்திருக்க அச்சமூட்டுவது.

பெட்டகத்துப் பழந்துணிகளைப் பாயிற் கொட்டிய அன்றுதான் அவர் எழுந்து வந்தார். குவியலிலிருந்து நைந்த சேலை ஒன்றை இழுத்து, "உன்ட உம்மா பொறந்த நேரம் எனக்கு விரிச்ச சேலை இது. இதையா எரிக்கப் போறீங்க?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு துணிக்கும் ஒரு வரலாறு வந்தது. இந்தக் கோட்டுச் சாரம் உப்பளத்து வேலைக்குப் போன தம்பியுடையது. இந்தப் பூத்துணி அடுப்படி யன்னலின் திரையாக இருந்தது. இது பெருநாளைக்கு மூன்று பெண்பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் எடுத்துத் தைத்த கவுன். நாம் எதிர்பாராத விசேஷம் ஒன்று உண்டு. பட்டுச் சேலையை எடுத்துக் காட்டினால் அதன் விலையைச் சொன்னார். அடுப்படித் துணியை எடுத்துக் காட்டினால் ஆட்களைச் சொன்னார். நல்ல நாளுக்கு மாத்திரம் உடுத்தது பெட்டிக்குள்ளேயே வாழ்ந்துவிட்டது. நாள்தோறும் உடுத்ததே வீட்டோடு வாழ்ந்தது. ஆகவே, எந்தத் துணியை எடுப்பது என்று கேட்போருக்கு முதலில் நாம் சொல்வது: அலங்காரத் துணியைத் தேடாதீர்கள்.

ஒரு விதியை உம்மம்மாவே வகுத்தார். உடுக்கத் தக்க ஒரு துணியிலும் கத்தரிக்கோல் படக்கூடாது. அப்பாவுடைய நல்ல சாரங்களும் சட்டைகளும் அவர் மறைந்த சில நாட்களுக்குள்ளேயே இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன; எஞ்சியது கிழிந்த ஒன்றே. அந்த ஒன்றுதான் போர்வைக்கு வந்தது. ஞாபகத்தின் பெயரால் நல்ல துணியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதிலும் வெட்டித் தைப்பதிலும் நமக்கும் உடன்பாடில்லை. ஈகைக்கு உரியதை ஈந்த பின்னர் மிஞ்சுவதே இவ்வேலைக்கு உரியது.

பழந்துணியை அடுக்கித் தைப்பது ஏதோ மேல்நாட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டியதில்லை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியிற் கிடத்தாமல், பல முறை துவைத்து மெதுமையாகிய பழஞ்சேலையில் கிடத்துவது நம் வீடுகளின் பழக்கம். நாம் கந்தை என்று சொல்லும் சொல்லுக்கு உறவான காந்தா என்னும் பெயரால் வங்காளத்துப் பெண்கள் ஒரு கலையையே வளர்த்திருக்கிறார்கள். பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே நுண்ணிய நூலோட்டமாகத் தைத்துச் செல்வார்கள். கடைக்குப் போக வேண்டிய பொருள் ஊசி ஒன்றுதான்! கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆபிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்த் என்று பெயர். ஓரத்திற் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளை அடுக்கிப் பூப்போல் வைத்துத் தைத்தாலன்றி, போர்வை முடிந்ததாக அவர்கள் கொள்வதில்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். துணிகளை வெந்நீரில் துவைத்து நன்கு காயவைத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகள் விலகித் தெரியும் இடத்தை ஒதுக்கிவிடுக. இரு கைகளாலும் சற்றே இழுத்துப் பார்ப்பதும் நல்லது. எமது பகுதியின் உப்புக் காற்றும் ஈரமும் துணியை உள்ளேயே இற்றுப்போகச் செய்வன. பார்வைக்கு நன்றாயிருப்பது இழுத்ததும் கிழியும். சாயம் போகுமா என்று அறிய, நனைந்த வெள்ளைத் துணியால் ஒரு முறை தேய்த்தாற் போதும். பருத்தியோடு பருத்தியையே சேர்த்தல் வேண்டும். நைலோனும் பட்டும் இடையில் வந்தால், ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. இரண்டாம் துவைப்பிலேயே போர்வை கோணிவிடும்.

தடித்த கடதாசி அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை அளவாக வைத்து எல்லாத் துண்டுகளையும் வெட்டுக. தையலுக்கு ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் போக, 6 அங்குலச் சதுரம் மிஞ்சும். குறுக்கே 11, நெடுக்கே 15, ஆக 165 துண்டுகள் இருந்தால், ஐந்தரை அடி அகலமும் ஏழரை அடி நீளமுமுள்ள போர்வையாகும். முதலில் பதினொரு துண்டுகளை ஒரு வரிசையாக இணைத்து, பின்னர் வரிசைகளை ஒன்றோடொன்று இணைப்பது இலகு. சிங்கர் தையல் மெஷின் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. பல வீடுகளில் பாட்டியின் மெஷின் இன்னும் ஓடுகிறது. துண்டுகளை இணைக்க அதனைத் தாராளமாக உபயோகிக்கலாம். அடித்துணிக்கு இரண்டு பழைய நூற்சேலைகளை நெடுங்கரையில் இணைத்து, மேல்துணியை விட நாற்புறமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்கும்படி வெட்டி, அந்த மிகுதியை முன்புறமாக மடித்துத் தைத்தால் கரையும் அமைந்துவிடும். நம் நாட்டு வெப்பத்துக்கு நடுவே பஞ்சு வேண்டியதில்லை. இரு துணிகளையும் சேர்த்துப் பிடிக்கும் கடைசித் தையலை மட்டும் கையாலேயே போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த வேலையில் நான்கு பேர் நான்கு புறம் உட்கார இடமுண்டு. சிறுவர்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கலாம். வயோதிபரின் தையல் கோணலாகப் போனால், அதைப் பிரித்துத் திருத்த எவரும் முற்படக்கூடாது.

வீட்டு வேலை முடிந்த பின், இரவுக்கு 6 துண்டுகள் என்று கணக்கிட்டால் துண்டுகளை இணைக்க மட்டும் 28 இரவுகள் ஆகும். ஆம், புறப்படுவதற்கு முன் 28 இரவுகள் கையில் இருக்க வேண்டும். புத்தளம் மாவட்டத்தில் வசிப்போர் இதனை எழுதும்போது சற்று நின்று யோசிக்காதிருக்க முடியாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் யாவரையும் வெளியேற்றினர். சுமார் எழுபதினாயிரம் பேருக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவின் மக்கள் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். ஆயிரக்கணக்கானோர் இம்மாவட்டத்திலேயே ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். பலர் இன்றும் இங்கேயே இருக்கிறார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டிலிருந்து அவர்களுக்கு வாய்த்தது, உடுத்திருந்த துணியும் ஒரு பையில் அடங்கிய சிலவுமே. எரிப்பதா வைப்பதா என்று தடுமாற ஒரு பழந்துணிக் குவியல் இருப்பதும், அதன் முன் உட்கார நேரம் இருப்பதும் எத்தகைய வசதி என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அத்தகையோருக்கு இந்த வேலை வாய்க்காதா? புறப்பட்ட பின்னரே தைத்தவர்களும் உலகில் உண்டு. 1841ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு ராஜா என்னும் பெயருடைய கப்பல் ஒன்று லண்டனை அடுத்த வுல்விச்சிலிருந்து தாஸ்மேனியாத் தீவுக்குப் புறப்பட்டது. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரை அம்மையாரின் சங்கத்தார் அப்பெண்களுக்குத் துணித் துண்டுகளும் ஊசியும் நூலும் கொடுத்தனுப்பியிருந்தனர். ஜூலை மாதம் ஹோபார்ட் துறைமுகத்தை அடையுமுன்னர் அவர்களிற் சிலர் சேர்ந்து 2,815 துண்டுகளைக் கொண்ட போர்வை ஒன்றைத் தைத்து முடித்தனர். அது இப்போது கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் அவர்களுடைய சொந்த வீட்டுத் துணி இல்லை. எல்லாம் பிறர் கொடுத்த துண்டுகள். எனினும் கடலின் நடுவே பல கைகள் கூடித் தைத்த தையல் அதில் இருக்கிறது. அகதியாக வந்து பிறர் தந்த துணியை உடுத்திப் பிள்ளை வளர்த்த தாய்மார், அத்துணியையும் பழந்துணிக் குவியலிற் சேர்க்கலாம். அதுவும் அந்தக் குடும்பம் உடுத்ததே அல்லவா?

தைத்து முடிந்ததும் ஒரு சச்சரவு வரும். போர்வை யாருக்கு? எமது குடும்பத்திலும் அது வந்தது. மூத்த பிள்ளைக்கே என்றனர் சிலர். ஆளுக்கு ஆறு மாதம் என்றார் ஒருவர். காணியைப் பங்கிட்டு வீட்டை இழந்தது போதாதென்று போர்வையையும் பங்கிடுவதா என்று உம்மம்மா கேட்ட பின்னர் பேச்சு நின்றது. நமது அபிப்பிராயம் யாதெனில், வயோதிபர் எந்தப் பிள்ளையோடு போகிறாரோ அந்த வீட்டுக்கே பெரிய போர்வை போக வேண்டும். மிஞ்சும் துண்டுகளிலிருந்து ஏனையோருக்கு ஆளுக்கொரு தலையணை உறையோ தொட்டில் விரிப்போ தைத்துக் கொடுக்கலாம். அதே சாரமும் அதே கவுனும் எல்லா வீடுகளிலும் இருக்கும். கொழும்பு வீட்டுக்குப் போன உம்மம்மா முதல் வாரம் அப்போர்வையைப் போர்த்திக்கொள்ளவில்லை; மடியில் வைத்து, பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சதுரமாகக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினார்.

ஒரு மூலையில் ஊரின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பது அவசியம். 1840களில் அமெரிக்காவில் மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களுக்கு, பின்தங்கும் உறவினரும் அயலவரும் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் தத்தம் பெயரை மையால் எழுதிக் கொடுத்தனர். துணியை அரிக்காத, கழுவினாலும் போகாத மை அக்காலத்திலேயே கிடைக்கத் தொடங்கியிருந்தது. மைக்குப் பதிலாகச் சிவப்பு நூலால் எழுத்துக்களைத் தைப்பது நமக்கு இன்னும் இலகு. அயலவரிடமும் ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்குங்கள், மறுக்கமாட்டார்கள்.

போர்வையை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் துவைக்க வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்து உலர்த்துக. பெட்டியில் வைப்பதாயின், நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து வைத்தல் வேண்டும்; ஒரே மடிப்பிற் கிடந்தால் அந்த மடிப்பிலேயே துணி இற்றுவிடும்.