ஸ்டெப்னி இல்லாத கார்

சாயங்கால நேரத்தில் உஸ்மான் சாலையில் டயர் பஞ்சரானால் வண்டியை எங்கே ஓரங்கட்டுவது? பின்னால் மாநகரப் பேருந்து ஹார்ன் அடிக்கும், இரண்டு பக்கமும் துணிப்பைகளோடு கூட்டம். அங்கே ஜாக்கி போட்டு வீல் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. ‘ரன்-ஃபிளாட்’ டயரின் அருமை அப்போதுதான் தெரியும்.

காற்று முழுதும் போனாலும் காரின் எடையைத் தாங்கும்படி இந்த டயரின் சைடுவாலைத் தடித்த ரப்பரால் பலப்படுத்தியிருப்பார்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஏறத்தாழ 150 கி.மீ. வழியில் எந்த இடத்தில் பஞ்சரானாலும் ஏதோ ஒரு முனைக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் ஆலை தொடங்கிய பி.எம்.டபிள்யூ. கார்கள் மூலம்தான் சென்னையில் பலருக்கு இந்த டயர் பழக்கம். ஆனால் அதே நிறுவனத்தின் எம்3 ஸ்போர்ட்ஸ் கார் சாதாரண டயரில்தான் ஓடுகிறது. ரன்-ஃபிளாட் கனம் கூடியது, விறைப்பானது. வளைவில் சாலையை உணர்ந்து ஓட்ட விரும்புகிறவருக்கு அது ஒத்துவராது.

அப்படியானால் ஸ்டெப்னி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஸ்போர்ட்ஸ் காரில் அது சுலபமில்லை. டிக்கி சின்னது. பல மாடல்களில் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட அகலம். ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தாது. சின்ன ஸ்டெப்னியாக இருந்தால் பெரிய பிரேக் காலிப்பர் இடிக்கும். அதனால் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் ஓட்டையடைக்கும் திரவமும் மட்டும் வரும். டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசே மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டது.

அந்தத் திரவம் ஆணி குத்திய ஓட்டைக்குத்தான் உதவும், அதுவும் சுமார் 6 மில்லிமீட்டர் வரை. நம் ஊரில் டயரைக் கொல்வது ஆணி மட்டுமா? மழை பெய்து ஜி.என். செட்டி சாலையில் தண்ணீர் தேங்கினால் பள்ளம் எங்கே என்றே தெரியாது. அதில் இறங்கி சைடுவால் கிழிந்தால் கிட்டால் பயனில்லை. ரன்-ஃபிளாட்டும் மோசமாகக் கிழிந்துவிட்டால் அந்த 80 கி.மீ. கணக்கை நம்ப முடியாது.

இன்னொன்று. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். கருப்பு ரப்பர் தூள் ஒட்டினால் சைடுவால் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது. பஞ்சர் ஒட்டி மறுபடி மாட்டக் கூடாது. அதே அளவு ரன்-ஃபிளாட் சென்னையில் கிடைக்கும். உளுந்தூர்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை இரவு தேடி அலைய முடியுமா?

ஆகவே தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் காருக்கு ரன்-ஃபிளாட் போதும். திருச்சி, மதுரை என்று கிளம்பினால், பொருந்தும் ஸ்டெப்னி ஒன்று உங்கள் மாடலுக்குக் கிடைக்குமானால், ஒரு பெட்டியைக் குறைத்துக்கொண்டு டிக்கியில் அதை இறுகக் கட்டி வையுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கூடவே இருக்கட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே ஷோரூமில் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.