ஓடுற ரயில்ல டிரைவர் மாறின கதை

இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். எட்டு மணி நேரம் எங்கேயுமே நிக்காம ஓடுற நீராவி ரயில்ல, பாதி வழியில் டிரைவர் மாறணும்னா எப்படி மாறுவார்?

‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தப் பேர்ல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, லண்டன் கிங்ஸ் கிராஸ்ல காலை 10 மணிக்குக் கிளம்பி எடின்பரோ போன ரயில். இன்னொண்ணு, 1923-ல் டான்காஸ்டர் பட்டறையில் கட்டிய இன்ஜின். வடிவமைத்தவர் நைஜல் கிரெஸ்லி. ரயிலோட பேரையே பிறகு இன்ஜினுக்கும் வெச்சாங்க.

லண்டன்–ஸ்காட்லாந்து பாதையில் ரெண்டு கம்பெனிகளுக்குள்ள எப்பவும் போட்டி. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வேகப் பந்தயமே நடந்தது. அப்புறம் சமாதானமாகி, எட்டேகால் மணி நேரத்துக்குக் குறைவா எடின்பரோ போகக் கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. வேகத்தைக் காட்ட முடியாது. அதனால 1928-ல் வேற வழி பிடிச்சாங்க: நடுவுல நிக்கவே கூடாது!

தூரம் 631 கிலோமீட்டர். கரி பிரச்சினையில்லை. இன்ஜினுக்குப் பின்னாடி வர்ற டெண்டர் வண்டியில் 9 டன் ஏத்தலாம். தண்ணிக்கும் வழி இருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டிகள் இருக்கும். ஓடும்போதே ஒரு குழாயை இறக்கினா, ரயிலோட வேகமே தண்ணியை மேலே தள்ளிடும்.

சிக்கல் மனுஷங்கதான். அவ்வளவு கரியையும் ஒரே ஃபயர்மேன் கையால அள்ளிப் போடணும். நெருப்புக்கு முன்னாடி எட்டு மணி நேரம் ஒருத்தரால் முடியாது.

கிரெஸ்லி, டெண்டருக்குள்ளேயே ஒரு நடைபாதை வெச்சார். அகலம் ஒன்றரை அடி, உயரம் 5 அடி. எவ்வளவு இடுக்கில் ஒரு ஆள் நுழைய முடியும்னு பார்க்க, வீட்டு டைனிங் நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு அவரே ஊர்ந்து பார்த்தார்னு ஒரு கதை உண்டு. இரண்டாவது டிரைவரும் ஃபயர்மேனும் முதல் பெட்டியில் ஓய்வெடுப்பாங்க. யார்க் நகரம் தாண்டியதும், குனிஞ்சு அந்தச் சந்து வழியா இன்ஜினுக்குப் போவாங்க. களைச்சவங்க பெட்டிக்குத் திரும்புவாங்க. ரயில் ஓடிக்கிட்டே இருக்கும்.

1928 மே 1-ஆம் தேதி முதல் பயணம் வெற்றி. போட்டிக் கம்பெனி நாலு நாள் முன்னாடியே ஒரு தடவை நிக்காம ஓட்டிக் காட்டியிருந்தது. ஆனா அதை வழக்கமான சேவையா நடத்தியது இவங்கதான். கணக்குப் போட்டா சராசரி வேகம் மணிக்கு சுமார் 76 கிலோமீட்டர்தான்! பயணிகளுக்கு அலுக்காம இருக்க, பெட்டிகள்ல முடிதிருத்தும் நிலையம்கூட வெச்சிருந்தாங்க. அங்கே ஒருத்தர் முடி வெட்டிக்கிட்டிருக்கும்போது, முன்னாடி நாலு பேர் இருட்டுச் சந்தில் ஷிஃப்ட் மாறியிருப்பாங்க.

இதே இன்ஜின் 1934-ல் மணிக்கு 100 மைல் தொட்டது. 1963-ல் ஓய்வு. ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுண்டுக்கு வாங்கி, உடைபடாம காப்பாத்தினார். 1968-ல், சரியா 40 வருஷம் கழிச்சு, மறுபடியும் எடின்பரோவுக்கு நிக்காம ஓட்டினாங்க. அதுக்குள்ள தண்ணித் தொட்டிகள் குறைஞ்சுட்டதால, தண்ணிக்குன்னே இரண்டாவது டெண்டர் சேர்க்க வேண்டியதாச்சு. அமெரிக்காவில் அதை ஓட்டப் போய் 1972-ல் திவாலானது அவரோட தனிக் கதை. 2004-ல் பிரிட்டனின் தேசிய ரயில்வே மியூசியம் வாங்கியது.

எல்லாரும் அந்த 100 மைலைத்தான் சொல்வாங்க. எனக்கு அந்த ஒன்றரை அடிச் சந்துதான் பெருசு. இன்ஜினுக்கு ஓய்வு தேவைப்படலை, அதை ஓட்டினவங்களுக்குத் தேவைப்பட்டது. அதை ஒத்துக்கிட்டதாலதான் அந்த ரயில் நிக்காம ஓடிச்சு.