ஒற்றை முனையைத் தேடி

நுழையும்முன்

காந்தத்தை எத்தனை முறை முறித்தாலும் அதன் வடமுனையும் தென்முனையும் பிரிவதில்லை. தொடக்கப் பள்ளியிலேயே நாம் மனத்தில் பதித்துக்கொண்ட இச்சிறு செய்திக்குள், இயற்பியலறிஞர்கள் இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கும் வினா ஒன்று உறைந்திருக்கிறது.

ஆய்வகத்தில் சட்டக் காந்தம் ஒன்று கைதவறி விழுந்து இரண்டாக உடைந்துவிட்டது எனக் கொள்வோம். ஒரு துண்டில் வடமுனையும் மற்றதில் தென்முனையும் தனித்தனியே இருக்கும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். ஆனால், உடைந்த இடத்தில் புதிய முனைகள் இரண்டு தோன்றியிருக்கும். துண்டுகள் ஒவ்வொன்றும் முழுக் காந்தமாகவே நடந்துகொள்ளும். பிரெஞ்சு நாட்டறிஞர் பெட்ரஸ் பெரெகிரினஸ், 1269 ஆம் ஆண்டிலேயே இதனைத் தம் மடல் ஒன்றில் விளக்கியுள்ளார். இத்தாலியின் லூச்செரா நகரை முற்றுகையிட்டிருந்த படையினருடன் இருந்தபோது அவர் எழுதிய மடல் அது. போர்ப் பாசறையில் அமர்ந்து காந்தக் கல்லைப் பற்றிச் சிந்தித்த அம்மனிதரை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

மின்சாரத்தோடு ஒப்பிட்டால் புதிர் இன்னும் கூர்மையாகும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பதைப் பார்த்திருப்போம். அங்கே ஒரு வகை மின்னூட்டம் சீப்பில் சேர்ந்துவிட, மற்றொரு வகை கூந்தலில் தங்கிவிடுகிறது. எலக்ட்ரான் எதிர்மின்னூட்டத்தை மட்டுமே சுமக்கிறது. புரோட்டான் நேர்மின்னூட்டத்தை மட்டுமே சுமக்கிறது. மின்சாரத்திற்கு வாய்த்த இந்தப் பிரிவு காந்தத்திற்கு ஏன் வாய்க்கவில்லை?

முனை என்பது பொருளா, இடமா?

1820 ஆம் ஆண்டு, மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். செய்தி பாரிசை எட்டியதும் ஆம்பியர், காந்தத்தின் உள்ளே எண்ணற்ற சிறு மின்னோட்டச் சுழல்கள் இருக்க வேண்டும் எனக் கருதினார். கம்பிச்சுருள் ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது சட்டக் காந்தம் போலவே செயல்படும். அச்சுருளை நடுவில் வெட்டி, இரு பாதிகளிலும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் இரண்டு குட்டையான சுருள்களே கிடைக்கும்; ஒரு பக்கம் மட்டுமே கொண்ட சுருள் கிடைக்காது.

ஃபாரடே இதனை வேறு வகையில் கண்டார். இளமையில் நூல் கட்டும் கடையில் தொழில் பயின்ற அவர், உயர்கணிதம் கல்லாதவர். காகிதத்தின் மேல் இரும்புத் துகள்களைத் தூவி, அடியில் காந்தத்தை வைத்தபோது துகள்கள் வரிவரியாக அணிவகுத்தன. அவ்வரிகள் காந்தத்தைச் சூழ்ந்த வெளியிலேயே உள்ள ஒன்றின் அடையாளம் என்று அவர் நம்பினார். இன்று நாம் 'புலம்' என வழங்குவது அதனையே. வடமுனையிலிருந்து புறப்படும் விசைக்கோடுகள் தென்முனையில் நுழைந்து அங்கேயே முடிந்துவிடுவதில்லை. காந்தத்தின் உள்ளே தொடர்ந்து சென்று மீண்டும் வடமுனையை அடைகின்றன. பூமாலைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததைப் போன்றது இது. எனவே, முனை என்பது காந்தத்தினுள் பொதிந்த பொருளன்று. கோடுகள் வெளியேறும் அல்லது உட்புகும் இடம் மட்டுமே. எங்கே முறித்தாலும் அங்கே கோடுகள் ஒரு துண்டிலிருந்து வெளியேறி மற்றதில் நுழைந்தாக வேண்டும்.

காந்தத்தைப் பொடித்துப் பொடித்து எலக்ட்ரான் வரை சென்றாலும் இந்நிலை மாறுவதில்லை. எலக்ட்ரானும் இருமுனை கொண்ட சிறு காந்தமே. அதனைப் பம்பரம்போலச் சுழலும் சிற்றுருண்டை எனக் கற்பனை செய்வது எளிது. ஆனால், அவ்வாறெனில் அதன் புறப்பரப்பு ஒளியினும் விரைந்து சுழல வேண்டியிருக்கும். ஆகவே, அக்கற்பனையை ஓரளவுக்கு மேல் நம்பலாகாது.

மாக்ஸ்வெல் வகுத்த மின்காந்தக் கோட்பாட்டின் சமன்பாடுகளில் மின்னூட்டத்திற்கு ஓர் இடம் உண்டு. அதற்கு இணையாகக் காந்த முனைக்கு உரிய இடத்தில் சுழியே நிற்கிறது. இச்சுழி வேறெந்த விதியிலிருந்தும் வருவிக்கப்பட்டதன்று. தனி முனையை எவரும் கண்டதில்லை என்பதே அதற்குரிய ஒரே சான்று.

டிராக் காட்டிய வழி

தனி முனை எங்கோ ஒன்றேனும் இருந்தால் என்ன ஆகும்? 1931 ஆம் ஆண்டு ஆங்கில இயற்பியலறிஞர் பால் டிராக்கின் ஆய்வு இவ்வினாவுக்கு எதிர்பாராத விடையைத் தந்தது. குவாண்டம் இயற்பியலில் எலக்ட்ரானுக்கு அலைப்பண்பு உண்டு. தனி முனை ஒன்றினைச் சூழ்ந்து அவ்வலை பரவும்போது, அது எங்கும் முரணின்றிப் பொருந்தியாக வேண்டும். கோடுகள் போட்ட கோரைப்பாயை உருளையாகச் சுற்றி இரு விளிம்புகளையும் இணைப்பதாகக் கொள்வோம். கோடுகளின் வரிசை முழு எண்ணிக்கையில் அமைந்திருந்தால் மட்டுமே இணைப்பில் அழகு குலையாது. அதுபோல, மின்னூட்டத்தையும் முனையின் வலிமையையும் பெருக்கி வரும் அளவு, குறிப்பிட்ட ஓர் அலகின் முழு எண் மடங்காக இருந்தாக வேண்டும் என்பதை டிராக் கண்டறிந்தார்.

இதில் என்ன சிறப்பு? இயற்கையில் தனித்துக் காணப்படும் மின்னூட்டங்கள் யாவும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தினது முழு எண் மடங்காகவே உள்ளன. புரோட்டான் எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 1836 மடங்கு நிறை கொண்டது; எனினும், இரண்டின் மின்னூட்டங்களும் கோடி கோடி கோடியில் ஒரு பங்குகூட வேறுபடாமல் அளவில் ஒத்திருக்கின்றன. அவ்வொப்புமை சற்றே பிசகியிருந்தாலும் அணுக்கள் நடுநிலை இழந்திருக்கும். அவற்றிடையே எழும் விலக்கு விசையால் விண்மீன்களும் கோள்களும் திரண்டிருக்க இயலாது. இத்துல்லியத்திற்குக் காரணம் யாது? அண்டம் முழுவதிலும் ஒரே ஒரு தனி முனை இருந்தாலும் போதும், மின்னூட்டம் முழு எண் மடங்குகளில் மட்டுமே அமைய முடியும் என்பதே டிராக் தந்த விடை. காணாத ஒரு துகளின் மேல் இத்தனை பெரிய உண்மையை நிறுத்திய துணிவு வியக்கத்தக்கது.

ஒரே ஒரு தடயம்

1974 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் தூஃப்டும் ரஷ்யாவின் பாலியகோவும் தனித்தனியே ஆராய்ந்து, இயற்கை விசைகளை ஒன்றிணைக்கும் கோட்பாடுகளில் தனி முனைகள் தாமாகவே தோன்றும் எனக் காட்டினர். அவை புரோட்டானினும் பல கோடி கோடி மடங்கு நிறை மிக்கவையாக இருக்கக்கூடும் என்பதால், எந்த எந்திரத்தாலும் அவற்றை உருவாக்க இயலாது. விண்ணிலிருந்து தற்செயலாக வருவதற்காகக் காத்திருப்பதே வழி.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிளாஸ் கப்ரேரா அவ்வாறு காத்திருந்தார். அவருடைய கருவியின் இதயம் நான்கு சுற்றுகளும் 5 செ.மீ. விட்டமும் கொண்ட நியோபியக் கம்பிச்சுருள். மிகு குளிரில் மீக்கடத்தியாகும் அதில் ஒருமுறை தோன்றிய மின்னோட்டம் தேயாமல் நிலைத்திருக்கும். சாதாரண காந்தம் அதனூடே கடந்தால், நுழையும்போது தோன்றும் மின்னோட்டத்தை வெளியேறும்போது தோன்றுவது ஈடுசெய்துவிடும்; முடிவில் எதுவும் எஞ்சாது. தனி முனை கடந்தாலோ ஈடுசெய்ய மறுமுனை இல்லை. சுருளில் நிலையான மின்னோட்டம் எஞ்சிவிடும். அதன் அளவையும் டிராக்கின் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

1982 பிப்ரவரி 14 அன்று பதிவுத்தாளில் மின்னோட்டம் ஒரு படி தாவியிருந்தது. தாவிய அளவு, எதிர்பார்த்த அளவோடு ஒத்திருந்தது. இயற்பியல் உலகம் பரபரப்படைந்தது. எனினும், கப்ரேரா கண்டுபிடித்துவிட்டதாக உரிமை கோரவில்லை; இதுவாகவும் இருக்கலாம் என்ற அளவில் மட்டுமே எழுதினார். பின்னர் பன்மடங்கு பெரிய சுருள்கள் பல ஆண்டுகள் காத்திருந்தன. இரண்டாவது தாவல் நிகழவே இல்லை.

கிடைக்காமையும் பயன் தந்தது என்பது இதிலுள்ள வியப்பு. அண்டம் தோன்றிய வேளையில் தனி முனைகள் ஏராளமாக உருவாகியிருக்க வேண்டும் என்றால், அவை எங்கே போயின? இவ்வினாவை ஆராய்ந்த ஆலன் கூத், தொடக்க நொடிப்பொழுதில் அண்டம் பெருவேகத்தில் விரிந்து அவற்றை எட்டாத் தொலைவுக்குச் சிதறடித்திருக்கலாம் எனக் கருதினார். 1981 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அண்டப் பெருவீக்கக் கோட்பாட்டிற்கு இது ஒரு தொடக்கம்.

தேடல் இன்றும் ஓயவில்லை. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், புரோட்டான்கள் மோதும் இடத்தருகே அலுமினியக் கட்டைகளை அடுக்கி வைக்கின்றனர். நிறை குறைந்த தனி முனை ஏதேனும் உருவானால் அக்கட்டைகளில் சிக்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. பின்னர் அவற்றைச் சூரிக் நகருக்குக் கொண்டுசென்று, ஒவ்வொன்றாக மீக்கடத்திச் சுருளின் வழியே செலுத்துகின்றனர். கட்டை கடந்து சென்றபின் சுருளில் மின்னோட்டம் எஞ்சியிருக்கிறதா என்பதே அவர்கள் பார்ப்பது. இதுவரை எஞ்சியதில்லை.