வாலிபரின் மனஅழுத்தத்துக்கு இரத்தப் பிரிவு காரணமா?



"ஏ பிரிவு இரத்தம் உள்ளவர்கள் எதற்கெடுத்தாலும் கவலைப்படுவார்கள், ஓ பிரிவினர் எதையும் தாங்கிக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பரீட்சை, வேலை தேடுதல் என்று பாரம் சுமக்கும் வாலிபப் பிள்ளைகளைக் குறித்து இப்படிச் சொல்லும்போது, பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள். இது உண்மைதானா?

இரத்தப் பிரிவுகளை 1901ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் வியன்னாவில் பணிபுரிந்த டாக்டர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். சிவப்பு அணுக்களின் மேற்புறத்தில் உள்ள சில சர்க்கரைப் பொருள்களின் வேறுபாட்டைக் கொண்டே ஏ, பி, ஏபி, ஓ என்று பிரிக்கிறோம். யாருடைய இரத்தத்தை யாருக்கு ஏற்றலாம் என்று இதனால் அறிந்துகொள்கிறோம். எண்ணற்ற உயிர்களைக் காத்த இந்தக் கண்டுபிடிப்புக்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தப் பிரிவை மனிதரின் குணத்தோடு இணைக்கும் எண்ணம் ஜப்பானில் வேரூன்றியது. 1927இல் டக்கேஜி ஃபுருகாவா என்பவர், தம்மைச் சுற்றியிருந்த சிலரைக் கவனித்து இதைக் குறித்து எழுதினார். 1971இல் மசாஹிகோ நோமி என்ற எழுத்தாளரின் புத்தகம் அந்த எண்ணத்தை நாடெங்கும் பரப்பியது. அவர் மருத்துவர் அல்ல. "பி பிரிவா? சுயநலக்காரன்!" என்று பள்ளியிலும் வேலையிடத்திலும் ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே உண்டு. இவ்விதத் துன்புறுத்தலுக்கு 'புராஹாரா' என்று ஒரு தனிச்சொல்லே ஏற்பட்டுவிட்டது. கவலையை விளக்க வந்த கருத்தே பலருக்குக் கவலையைக் கொடுத்தது!

2014இல் கெங்கோ நவாட்டா என்ற ஆராய்ச்சியாளர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 10,000க்கும் மேற்பட்டோரின் பதில்களை ஆராய்ந்தார். 68 கேள்விகளில் 65இல் இரத்தப் பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. மீதி மூன்றிலும் வித்தியாசம் மிகச் சொற்பமே.

மனஅழுத்தம் உண்டாகும்போது, மூளையின் கட்டளைப்படி சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் ஆகியவற்றைச் சுரக்கின்றன. இருதயம் வேகமாய்த் துடிக்கிறது, தூக்கம் கெடுகிறது. எந்தப் பிரிவு இரத்தம் உள்ளவருக்கும் இப்படியே நடக்கிறது.

ஆகவே, "உன் இரத்தம் அப்படி" என்று ஒரு பிள்ளையை ஒதுக்கிவிட வேண்டாம். அருகில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். பேசி முடிக்கும்வரை பொறுமையாய்க் கேளுங்கள். தூக்கமின்மை, பசியின்மை, யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருத்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்னாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.