மடிப்பு முகத்து நாய்

சென்ற மாதம் என் பேரன் ஒரு நாயின் படத்தைக் காட்டி, "தாத்தா, இதை வாங்கலாமா?" என்றான். முகமெல்லாம் மடிப்பு, நாக்கு நீலக் கருப்பு. சீனத்து ஷார் பெய். 'மணல் தோல்' என்று பொருள். தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்குமாம்.

குவாங்டாங் மாநில விவசாயிகள் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். எதிரி கவ்வினாலும் தளர்ந்த தோலுக்குள் திரும்பிப் பதிலுக்குக் கடித்துவிடும். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் அங்கே அருகிப்போயிற்று. 1973-ல் ஹாங்காங்கைச் சேர்ந்த மேட்கோ லா ஓர் அமெரிக்கப் பத்திரிகை மூலம் உதவி கேட்டார். அமெரிக்கா சென்ற நாய்களால் இனம் பெருகியது.

ஆனால் அழகுக்காக மடிப்பைக் கூட்டிவிட்டார்கள். பழைய வேட்டை நாய்க்கு இத்தனை மடிப்பு கிடையாது. தோலைத் தடிக்கச் செய்யும் மரபணு மாற்றத்துக்கும் இந்நாய்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் தொடர்புண்டு என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. காய்ச்சலோடு பின்னங்கால் மூட்டு வீங்கும். நாளடைவில் சிறுநீரகமும் கெடலாம். ஒரு பாகத்தை மாற்றினால் வேறொரு பாகத்தில் கோளாறு தெரியும் என்பது ரயில்வேயில் நான் கண்டதுதான்.

குளிப்பாட்டினால் மடிப்புக்குள் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண். காதுத் துளை குறுகல். இமை உள்ளே மடங்கி ரோமம் கண்ணை உறுத்தினால் அறுவை சிகிச்சைதான். வெயிலும் ஆகாது.

நம் நாக்பூரின் மே மாதத்தில் கூலர் அறையை விட்டு அதை வெளியே விட முடியுமா? அதே மாதம் நாம் ஊருக்குப் போய்விடுவோம். மடிப்பைத் துடைப்பது யார்? வேண்டாம் என்றேன். பேரன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.