தூளி தொய்ந்து விட்டதா? இழுத்துக் கட்டலாம்!

சகோதரிகளே, இந்த விஷயத்தை எழுதலாமா, வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். "இதையெல்லாமா பத்திரிகைக்கு எழுதுவாங்க?" என்று என் வீட்டுக்காரர்கூட ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் என் மாமியார்தான், "எழுதும்மா. எனக்கு யாராவது சொல்லியிருந்தா முப்பது வருஷம் மூலையில உட்கார்ந்திருக்க மாட்டேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

2019-ஆம் வருடக் கோடை நம் சென்னைக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று நாலு ஏரியும் வறண்டு கிடந்தது. நாங்கள் இருப்பது தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்ப் பக்கம். போர் வற்றி, மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுத்தது. தெருமுனைக்கு லாரி வரும். ஹார்ன் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பத்துக் குடம் என்றால் 150 கிலோ! அதை இடுப்பில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படி ஏறி வந்தேன்.

அந்த மாதத்தில்தான் அது ஆரம்பித்தது. குடத்தைத் தூக்கும்போது துளி சிறுநீர் கசியும். தும்மினால் கசியும். "லாரித் தண்ணி தெளிச்சிருக்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

பிறகு நாத்தனார் மகளின் வளைகாப்பு வந்தது. குரோம்பேட்டையில் மண்டபம். ஓர்ப்படி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் என் பட்டுப்புடவை நனைந்துவிட்டது. "தலைவலி" என்று பொய் சொல்லி, சாப்பிடாமல், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. வெளியே போகும் நாளில் தண்ணீரே குடிக்க மாட்டேன். அதனால் சிறுநீர்க் கடுப்பு வந்ததுதான் மிச்சம். மின்சார ரயிலில் ஏறுவதை விட்டேன். பெண்ணின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூடப் போகவில்லை. "அம்மா ஏன் வரல?" என்று அவள் கேட்டதற்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

"எப்படி நிற்கிறீங்க, பார்ப்போம்!"

கடைசியில் கடுப்புக்கு மருந்து வாங்கத்தான் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் துருவித் துருவிக் கேட்டு உண்மையை வரவழைத்துவிட்டார். பரிசோதித்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா ஆள் உயரக் கண்ணாடி முன்னால் என்னைப் பக்கவாட்டில் நிறுத்தி, "நீங்க எப்பவும் நிற்கிற மாதிரி நில்லுங்க" என்றார்.

பார்த்த எனக்கே வெட்கமாகிவிட்டது. தோள் முன்னால் சரிந்து, முதுகு கூனி, தொப்பை முன்னுக்குத் தள்ளி, இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நின்றேன். பதினைந்து வருஷம் ஒரே பக்கம் குழந்தையையும் குடத்தையும் சுமந்த இடுப்பு அல்லவா!

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம் இடுப்பெலும்பு அடியில்லாத அண்டா மாதிரி. அதன் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்புவரை, தூளி கட்டினது போல ஒரு தசைப் படலம் இருக்கிறது. இடுப்புத் தளத் தசை என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் இந்தத் தூளிதான் தாங்குகிறது. சிறுநீர், மலம், பிரசவம் ஆகிய மூன்று வழிகளும் இதன் நடுவேதான் போகின்றன. இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். தூளி திடமாக இருந்தால் அந்த நொடியில் தானே இறுகி வழியை மூடிவிடும். தொய்ந்திருந்தால் கசியும்.

கர்ப்ப காலப் பாரமும் சுகப் பிரசவமும் இதை இழுத்துத் தொய்ய வைக்கின்றன. மலச்சிக்கலில் முக்குவது, நாள்பட்ட இருமல், உடல் பருமன், ஓயாத சுமை, மாதவிடாய் நிற்கும் வயது எல்லாமே சேர்ந்து கொள்ளும்.

கூனுக்கும் கசிவுக்கும் என்ன சம்பந்தம்?

நானும் இதைத்தான் கேட்டேன். மேலே மூச்சுத் தசை, முன்னே வயிற்றுத் தசை, பின்னே முதுகுத் தசை, கீழே இந்தத் தூளி. நாலும் ஒரு பெட்டியின் பலகைகள் போல. நிமிர்ந்து இருந்தால் விலா எலும்பு இடுப்பெலும்புக்கு நேர் மேலே நிற்கும். அழுத்தம் நாலு பக்கமும் பங்காகும். கூனி உட்கார்ந்தால் பாரம் முன்னும் கீழுமாக இறங்கும். தசையின் மின் இயக்கத்தை அளந்து பார்த்த ஆய்வுகளில், சாயாமல் நிமிர்ந்து உட்காரும்போது தூளித் தசை தானாகவே கொஞ்சம் வேலை செய்வதும், தொய்ந்து சாய்ந்து உட்கார்ந்தால் அந்த வேலை குறைவதும் தெரிந்திருக்கிறது.

அதற்காகப் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நிற்கச் சொல்லவில்லை. நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பதும் கெடுதலே. அழுத்தம் கீழேதான் போகும். உச்சந்தலையை யாரோ நூல் கட்டி லேசாக மேலே இழுப்பது போல நினைத்துக்கொண்டு, தோளைத் தளர்த்தி, இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்கும்படி நின்றால் போதும்.

வீட்டு வேலையில் மாற்றிக் கொண்டவை

*குடம், பக்கெட், கைக்குழந்தை:* இடுப்பை மட்டும் வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் தூளியை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கவே கூடாது. முழுக் குடத்துக்குப் பதில் இரண்டு அரைக் குடம்! காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ; இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தூக்காதீர்கள், உருட்டுங்கள். அல்லது ஆளைக் கூப்பிடுங்கள்.

*பால் கொடுக்கும்போது:* குழந்தையிடம் நாம் குனியக் கூடாது. மடியில் தலையணை வைத்து, குழந்தையை நம் உயரத்துக்குக் கொண்டு வர வேண்டும். முதுகுக்குப் பின்னும் ஒரு தலையணை வைத்துக் கொள்ளுங்கள்.

*அரிவாள்மணை, டி.வி. நேரம்:* தரையில் சம்மணமிட்டு உட்காருவது நல்லதுதான். ஆனால் பிட்டத்துக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றைப் போட்டால் முதுகு தானே நிமிரும்.

*கழிவறையில்:* நம் ஊர் உட்காரும் முறையில் குடல் நேராகி மலம் சுலபமாக இறங்கும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் சின்ன முக்காலி போட்டு, முன்னால் சாய்ந்து உட்காருங்கள். முக்கக் கூடாது. கீரை, கொய்யா, வாழைப்பழம், தண்ணீர் இவை இருந்தால் முக்க வேண்டியும் இராது. பொது இடங்களில் அருவருப்பால் அரைகுறையாகக் குந்தி நின்றபடி போகிறோமே, அப்போது தசை தளராது. சிறுநீரும் முழுக்க இறங்காது.

*பிள்ளை பெற்றவளுக்கு:* வயிற்றில் துணியை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் தசைக்கு பலம் வந்துவிடாது. அழுத்தம் கீழே இறங்கும். "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று தண்ணீரைத் தடுப்பதும் தப்பு. மலச்சிக்கல்தான் வரும்.

எட்டு ஸ்டேஷன் பயிற்சி

நேராக நிற்பது மட்டும் கசிவை நிறுத்தி விடாது. தொய்ந்த தசைக்குப் பயிற்சியும் வேண்டும். அமெரிக்காவில் ஆர்னால்ட் கெகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் இதைப் பற்றி எழுதினார். இன்றுவரை டாக்டர்கள் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான்.

காற்றுப் பிரிவதை அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளே ஒரு தசையை மேல்நோக்கி இழுங்கள். தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது. மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுக்கத் தளர விடுங்கள். பழகப் பழகப் பத்து எண்ணலாம். முதலில் படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. ஒரு வேளைக்கு 8 தடவை. தினம் மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம்.

எட்டு கணக்கு எனக்கு மறந்து போகும். அதனால் தாம்பரத்தில் ஏறினது போல நினைத்துக்கொண்டு, ஒவ்வோர் இறுக்கத்துக்கும் ஒரு ஸ்டேஷன் சொல்வேன்: சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. கிண்டி வந்தால் ஒரு வேளைப் பயிற்சி முடிந்தது! குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், படுக்கும்போது ஒரு தரம். தும்மல் வரும்போது முன்கூட்டியே இறுக்கிக் கொள்ளவும் பழகினேன்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றே தோன்றியது. மூன்றாவது மாதம் ஒரு நாள் மிளகாய் வறுக்கும்போது நாலைந்து தும்மல் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுப்படியில் நான் மட்டும் நின்று சிரித்தேன்!

அத்தை சொன்ன ரகசியம்

நான் கூடத்தில் படுத்துப் பயிற்சி செய்வதைப் பார்த்து என் மாமியார், "என்ன இது புதுசா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எனக்கு அடி இறங்கி முப்பது வருஷம் ஆச்சும்மா. உட்கார்ந்தா ஏதோ உருண்டை மாதிரி தட்டும். யார்கிட்ட சொல்றது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம், கோயில் என்று எதற்கும் வராமல் இருந்தவரை, "அத்தைக்கு மனுஷாளே ஆகாது" என்று நானே எத்தனை தரம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்!

அடுத்த வாரமே அழைத்துப் போனேன். கர்ப்பப்பை இறக்கம் அந்த அளவுக்கு வந்தபின் பயிற்சி மட்டும் போதாது என்று டாக்டர் சொன்னார். வயதையும் சர்க்கரையையும் பார்த்து, ஆபரேஷன் இல்லாமல் உள்ளே ஒரு வளையம் பொருத்தினார். குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தரம் போய்ப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை, "பல்லாவரம் சந்தைக்குப் போகலாமா?" என்று அத்தையே கேட்டார். இருவரும் போய் வந்தோம். ஒரு பூச்செடியும் இரும்புத் தோசைக் கல்லும் வாங்கினார். தோசைக் கல்லை நான் முழங்காலை மடக்கித்தான் தூக்கினேன்!

இதற்கெல்லாம் தள்ளிப் போடாதீர்கள்

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் இறங்காமல் அடைத்துக் கொள்வது, கீழே உருண்டை தட்டுவது, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு: இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். சிலருக்குத் தசை தொய்வதற்குப் பதில் இறுகிப்போய் வலிக்கும். அவர்கள் கேட்காமல் இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது. செலவுக்குப் பயந்தால், 1844-ல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை நம் மின்சார ரயில் பாதையிலேயே இருக்கிறது.

"பிள்ளை பெத்தா இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நிறையப் பேருக்கு வருகிறது என்பது உண்மை. அதற்காகப் பொறுத்துக் கொண்டே இருக்க வேண்டியதில்லை. இதைப் படித்து முடித்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். வீட்டில் விசேஷத்துக்கு வராமல் ஒதுங்கியே இருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.