மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை, இந்தப் பக்கம் ஆடிக்காற்று

சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14ஆம் தேதியை ஒட்டி, விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பகல் 12.20 மணி வாக்கில், செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே விழாது. சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இதே நிலை மறுபடியும் வரும்.

இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.5 பாகை அட்சரேகையில் இருக்கின்றன. சூரியன் கடகரேகையை நோக்கிப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை இந்த ஊர்களின் தலைக்கு மேல் வருகிறது. கடகரேகைக்கு வடக்கே உள்ள டெல்லிக்கு அது ஒருநாளும் உச்சிக்கு வராது.

சரி, உச்சிப்பொழுது ஏன் 12 மணிக்கு வராமல் 20 நிமிடம் பிந்துகிறது? இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. ராஜபாளையம் அதற்கு மேற்கே ஏறத்தாழ 5 பாகை தள்ளியிருக்கிறது. ஒரு பாகையைக் கடக்கப் பூமிக்கு 4 நிமிடம் ஆகும்.

ஓர் ஊரின் வெயிலையும் மழையையும் அட்சரேகை மட்டும் முடிவு செய்வதில்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா கிட்டத்தட்ட இதே அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால் அது 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பம். ராஜபாளையத்துக்கு அந்த உயரம் இல்லை. பக்கத்தில் மலை இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைதான் இங்கே மழையைப் பங்கு பிரிக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தோடு வந்து கேரளப் பக்கச் சரிவில் ஏறுகிறது. மேலே போகப் போகக் காற்று விரிந்து குளிர்கிறது; ஈரம் மேகமாகி அங்கேயே கொட்டுகிறது. மலை தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று அமுங்கிச் சூடாகிறது. மேகத்தோடு ஏறும் காற்று ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 டிகிரி குளிர்கிறது. உலர்ந்து இறங்கும் காற்றோ சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. ஆகவே அடிவாரத்துக்கு வரும்போது அது புறப்பட்டதைவிட வெப்பமாகவும் வறண்டும் இருக்கும்.

இதனால்தான் ஆடி மாதத்தில் மலையடிவாரச் செண்பகத்தோப்புக்கு மேலே மலைமுகட்டில் கருமேகம் கவிந்திருக்க, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் புழுதிக்காற்று வீசுகிறது. இந்த நிலப்பகுதிக்கு 'மழைமறைவுப் பிரதேசம்' என்று பெயர். கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 800 மில்லிமீட்டர்தான். பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்ற இந்த வறட்சியும் ஒரு காரணம்.

தென் அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆண்டிஸ் மலைக்கு மேற்கே தெற்குச் சிலியில் அடர்ந்த மழைக்காடுகள். கிழக்கே அர்ஜென்டினாவின் படகோனியா வறண்ட புல்வெளி.

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடல் ஈரத்தைக் கொண்டுவர, ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் பெருகுகின்றன. மலைக்காட்டில் இறங்கும் மழை அய்யனார் கோவில் ஆற்றில் வழிந்து, ராஜபாளையத்தின் குடிநீராக ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, ஊரின் தண்ணீருக்கும் காவல்.

மாணவர்கள் மழையைத் தாங்களே அளந்து பார்க்கலாம். நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, வானிலை ஆய்வு மையத்தைப் போலத் தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் மழை. ஜூலைக் கணக்கையும் நவம்பர்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இரண்டு பருவக்காற்றுகளின் வேறுபாடு உங்கள் நோட்டிலேயே கிடைக்கும்.